மின்கலத்தை நம்பிய இதயம்

2020 அக்டோபர் 12 அன்று காலை பத்து மணியளவில் மும்பை, தாணே, நவிமும்பை ஆகிய நகரங்களில் மின்சாரம் ஒருசேர நின்றது. சில பகுதிகளுக்கு இரண்டு மணி நேரத்தில் மின்சாரம் திரும்பியது. வேறு சில இரவு வரை காத்திருந்தன. நவிமும்பையின் கோபர்கைரனே போன்ற நகர்ப்பகுதியில், சிறு வீடொன்றில் இதயப் பம்புடன் வாழ்பவர் ஒருவர் இருப்பாராயின், அத்தகைய நாளில் அவரைக் காப்பது வீட்டாரின் பயிற்சியே.

இதயத்தின் இடது கீழறை வலுவிழந்து, மருந்துகளும் பயன்தராத நிலையில், அங்கிருந்து இரத்தத்தை இழுத்துப் பெருந்தமனிக்குள் செலுத்துவது இப்பம்பு. மாற்று இதயம் கிடைக்கும் வரையிலோ, அதற்கு வழியில்லாதோருக்கு நிலையாகவோ இது பொருத்தப்படுகிறது. பம்பிலிருந்து ஒரு கம்பி வயிற்றுத் தோலைத் துளைத்து வெளிவந்து, இடுப்பில் அணியும் கட்டுப்பாட்டுக் கருவியைச் சேர்கிறது. 'ஹார்ட்மேட் 3' வகையில் முழுதும் மின்னேற்றிய இரு மின்கலங்கள் சுமார் 17 மணி நேரம் வரை தாங்கும். உறங்கும்போது வீட்டு மின்சாரமே பம்பை இயக்குகிறது. அது தடைப்பட்டால் கருவியினுள் உள்ள சேமிப்பு மின்கலம் 15 நிமிடமேனும் தாங்கும். அதற்குள் விழித்தெழுந்து மாற்று மின்கலங்களைப் பொருத்தியாக வேண்டும். மாற்றும்போதும் ஒவ்வொன்றாகவே மாற்ற வேண்டும். இரண்டையும் ஒருங்கே கழற்றினால் ஆபத்து.

இப்பொறுப்பு பெரும்பாலும் மனைவிக்கோ தாய்க்கோ வந்து சேர்கிறது. கம்பி வெளிவரும் புண்ணுக்குக் கட்டு மாற்றுகையில் முகக்கவசம் அணிந்து, மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். மும்பையின் புழுக்கத்தில் இது சிறு காரியமன்று. இரத்தம் உறையாதிருக்க வார்ஃபாரின் தரப்படுவதால், கீரையின் அளவு திடீரெனக் கூடாமலும் குறையாமலும் பார்த்துக்கொள்வதும் அவரே. பம்பு இடைவிடாது இரத்தத்தைச் செலுத்துவதால் நோயாளியின் நாடி பல வேளைகளில் கைக்குத் தட்டுப்படாது. நினைவிழந்தவரை நாடியின்மை கண்டு இறந்தவரெனக் கருதிவிடாதபடி, ஆம்புலன்சில் வருவோருக்கு எடுத்துரைக்க வேண்டியவரும் அவரே.

2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் குறிப்பிடுகிறது. இதயச் செயலிழப்பு அவற்றுள் இல்லை. மிகுந்த துணை வேண்டுவோரைப் பேணுவதற்கான படி அச்சட்டத்தில் இடம்பெற்றிருப்பினும், இக்குடும்பங்கள் அதனைப் பெறுதல் எளிதன்று. அமெரிக்காவில் மின்வழங்கு நிறுவனங்கள் பலவும் உயிர்காக்கும் கருவியுள்ள வீடுகளைப் பதிவு செய்து, திட்டமிட்ட மின்தடையை முன்கூட்டியே அறிவிக்கின்றன. இங்கு அத்தகைய பதிவுக்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. இப்பம்பு பொருத்தப்பட்டோர் மிகச் சிலரே ஆதலால், ஒரு பகுதி மின் அலுவலகத்தின் பதிவேட்டில் ஒரு பக்கமே போதும்.