கிரேக்கத் திருவிழாவில் ஒரு மாலை

பிரசவத்துக்குத் துணையாக ஹூஸ்டன் வந்திருந்த அம்மா ஊர் திரும்ப இன்னும் பத்தே நாள். அன்று மாலை திடீரென்று, "குழந்தையை நான் பார்த்துக்கறேன். ரெண்டு பேரும் எங்கேயாவது போயிட்டு வாங்க. உன் முகத்தைப் பார்க்கச் சகிக்கலை" என்றாள்.

ஐந்து மாதமாக எனக்கும் இவருக்கும் பேச்சென்றால் பால், டயப்பர், டாக்டர், அவ்வளவுதான். சண்டையும் இல்லை. சண்டை போடத் தெம்பு வேண்டாமா? (பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை, என் தப்புத்தான்.)

மான்ட்ரோஸ் பகுதியில் உள்ள அனன்சியேஷன் கிரேக்கத் தேவாலயத்தில் அக்டோபர்தோறும் திருவிழா நடக்கும். அங்கே போனோம். கூட்டம், இரைச்சல், எண்ணெய்ச் சட்டி வாசனை... நம்ம ஊர்த் திருவிழாவேதான்! உள்ளே சிலைகள் இல்லை, சித்திரங்கள்தான். மணலில் நட்டு வைத்த மெல்லிய மெழுகுவர்த்திகளோடு நானும் ஒன்று ஏற்றி வைத்தேன்.

சாப்பாட்டில்தான் கவனம் வேண்டும். 'ஸ்பனகோபிட்டா' என்பது மெல்லிய மாவு ஏடுகளுக்கு நடுவே கீரையும் ஃபெட்டா சீஸும் வைத்துச் சுட்ட பலகாரம். சைவந்தானே என்று கை நீட்டினேன். பரிமாறிய பாட்டியோ, "முட்டை சேர்த்திருக்கே!" என்று தடுத்துவிட்டாள். அவர்களுடைய விரத நாட்களில் மாமிசம், பால், முட்டை எதுவும் கிடையாதாம். விரதத்துக்கும் ஆகும் 'லுகுமாதெஸ்' கடையைக் காட்டினாள்.

மைதா, ஈஸ்ட், சிட்டிகை உப்பு, கொஞ்சம் சர்க்கரை. வெந்நீர் விட்டு (கை பொறுக்கும் சூடுதான்) தோசை மாவைவிடக் கெட்டியாகக் கரைத்து, ஒரு மணி நேரம் மூடி வைத்தால் பொங்கிவிடும். மாவைக் கையில் அள்ளி இறுக்கினால் கட்டைவிரல் பக்கம் உருண்டையாகப் பிதுங்கும். அதை எண்ணெய் தொட்ட ஸ்பூனால் வழித்துக் காய்ந்த எண்ணெயில் போடுகிறார்கள். மேலே தேன், பட்டைத்தூள். சுடச்சுடத் தின்றால்தான் ருசி.

அப்போது நடனம் ஆரம்பித்தது. கைகோத்து வட்டமாக ஆடும் 'கலமாத்தியானோஸ்'. என் விரல்கள் தாமாகவே மேஜையில் தட்டின. தகிட தக திமி! ஏழு! நம் மிச்ர சாபு அல்லவா!

"எங்கே, இன்னொரு தரம் போடு" என்றார் இவர். தப்பும் தவறுமாகத் தானும் தட்டினார். பிறகு மெதுவாக, "முன்னெல்லாம் பாடிக்கிட்டே சமைப்பே. இப்போ வீட்டிலே உன் குரலே இல்லை. என் மேலே கோபம்னு நினைச்சு நானும் ஒதுங்கியே இருந்துட்டேன்" என்றார்.

எனக்குத் தொண்டை அடைத்தது. "கோபமில்லைங்க, தூக்கமில்லை. என்னமோ அழுகை அழுகையா வருது" என்றேன். முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன்.

இவர் எதுவும் சொல்லவில்லை. என் கையைப் பிடித்து வட்டத்துக்குள் இழுத்துக்கொண்டு போனார். பன்னிரண்டு அடி எடுத்து வைக்க வேண்டும். எட்டாவதிலேயே பக்கத்து ஆள் காலை மிதித்துவிட்டார்.

வீடு திரும்பியபோது குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அட்டைப் பெட்டியைத் திறந்த அம்மா, "பூரணமில்லாத சுகியனை தேன்லே போட்டிருக்கான்" என்றாள். மறுநாள் காலை டாக்டருக்கு இவரே ஃபோன் செய்தார்.