நீதிபதிக்கும் வாக்குச்சீட்டு

சட்டம் இயற்றுவது ஒரு வேலை. அச்சட்டப்படி ஆட்சி நடத்துவது ஒரு வேலை. ஐயம் எழும்போது சட்டத்தின் பொருள் இன்னதென்று தீர்ப்புச் சொல்வது ஒரு வேலை. மூன்றும் ஒரே கையில் இருந்தால் கொடுங்கோல் பிறக்கும் என்பதால், சட்டமன்றம், ஆட்சித்துறை, நீதித்துறை என்று அரசை மூன்றாகப் பிரித்து வைத்தனர் முன்னோர். குடிமையியல் பாடத்தில் இதை நாம் அனைவரும் படித்திருக்கிறோம். ஆனால் இம்மூன்று துறைக்கும் உரியவர்களை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் இடமும் உண்டு என்றால் வியப்பாக இல்லையா? நீதிபதியும் வாக்குக் கேட்டு வருவார் என்றால் நம்ப முடிகிறதா?

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அட்லாண்டிக் கடலோரமாக அமைந்த வட கரோலினா அத்தகைய மாநிலம். ராலி அதன் தலைநகர். அங்கு 100 மாவட்டங்கள் உள்ளன. மக்கள் ஒரு கோடிக்கும் மேல். இரட்டைப்படை ஆண்டுகளில், நவம்பர் மாதத்து முதல் திங்களை அடுத்து வரும் செவ்வாய்க்கிழமையன்று அங்கே பொதுத்தேர்தல் நடைபெறுகிறது.

ஆட்சித்துறை

நம் நாட்டில் ஆளுநரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். அங்கோ ஆளுநர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர்; நம் முதலமைச்சரைப் போல ஆட்சியை நடத்துபவர். அவருக்குப் பதவிக்காலம் நான்கு ஆண்டுகள். தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் அவர் அப்பதவியில் இருக்க முடியாது.

ஆளுநர் தம் அமைச்சர்கள் எல்லோரையும் தாமே தேர்ந்துகொள்வார் என்று நாம் எண்ணக்கூடும். அதுதான் இல்லை. துணை ஆளுநர், மாநிலச் செயலர், தணிக்கையாளர், கருவூலர், பொதுக்கல்வித் தலைவர், தலைமை வழக்கறிஞர், வேளாண்மை ஆணையர், தொழிலாளர் ஆணையர், காப்பீட்டு ஆணையர் ஆகிய ஒன்பது பேரையும் மக்களே தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கின்றனர். ஆளுநரையும் சேர்த்துப் பத்துப் பேர். எனவே ஆளுநர் ஒரு கட்சி, கருவூலர் வேறு கட்சி என்று அமைவது அங்கே இயல்பு. 2024 தேர்தலில் ஜோஷ் ஸ்டைன் என்ற ஜனநாயகக் கட்சியினர் ஆளுநரானார். பத்துப் பதவிகளில் ஐந்து அவர் கட்சிக்கும் ஐந்து குடியரசுக் கட்சிக்கும் கிடைத்தன.

இப்பதவிகளுக்குப் பெண்கள் வர நெடுங்காலம் ஆயிற்று. 1996-இல் எலைன் மார்ஷல் என்ற பெண்மணி மாநிலச் செயலர் பதவிக்குப் போட்டியிட்டார். அவரை எதிர்த்தவர் ரிச்சர்ட் பெட்டி. கார்ப் பந்தயத்தில் நாடெங்கும் புகழ் பெற்ற வீரர். ஆயினும் மார்ஷலே வென்றார். அம்மாநிலம் முழுவதும் வாக்களித்து ஆட்சித்துறைக்குத் தேர்ந்தெடுத்த முதற்பெண் அவரே.

பத்துப் பெயர்களையும் மக்கள் எப்படி நினைவில் வைப்பார்கள்? இதற்கு ஒரு வேடிக்கையான செய்தி உண்டு. லிஃப்டுகளைச் சோதித்துச் சான்றிதழ் தருவது தொழிலாளர் ஆணையரின் கடமை. 2001 முதல் 2021 வரை அப்பதவியில் இருந்த செரி பெர்ரி அம்மையார் சான்றிதழில் தம் புகைப்படத்தையும் அச்சிட்டு லிஃப்டுதோறும் ஒட்டச் செய்தார். மக்கள் அவரை 'லிஃப்ட் ராணி' என்றே அழைத்தனர். சிரிப்பு வந்தாலும் சிந்திக்கவும் வேண்டும். முகம் தெரிவது வேறு. தகுதி தெரிவது வேறு அன்றோ?

சட்டமன்றம்

மாநிலச் சட்டமன்றத்துக்கு இரண்டு அவைகள். மேலவையில் 50 பேர். கீழவையில் 120 பேர். எல்லோருக்கும் இரண்டே ஆண்டுகள்தாம் பதவி. சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டத்தைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் ஆளுநருக்கு நெடுங்காலம் இல்லை. அமெரிக்க மாநிலங்களிலேயே கடைசியாக, 1996-இல் மக்கள் வாக்களித்த பின்னரே அது கிடைத்தது. இன்றும் அவைகளில் ஐந்தில் மூன்று பங்கினர் சேர்ந்தால் ஆளுநரின் தடையை மீறலாம்.

தொகுதிகளின் எல்லைகளை வகுப்பதும் இச்சட்டமன்றமே. அதில் ஆளுநர் குறுக்கிட முடியாது. எல்லைக்கோட்டை வளைத்து வளைத்துப் போட்டுத் தன் கட்சிக்கு வெற்றி தேடிக்கொள்ள இது வழி திறந்துவிடுகிறது. அப்போது குறை கேட்பவர் யார்? நீதிமன்றம்தான். அதனால்தான் அங்கே நீதிபதியைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில் அனல் பறக்கிறது.

நீதித்துறை

அமெரிக்க நாட்டின் உச்சநீதிமன்றத்துக்கு நீதிபதிகளைக் குடியரசுத் தலைவரே நியமிக்கிறார். செனட் சபை ஒப்புதல் தருகிறது. ஆனால் மாநிலங்கள் தத்தம் நீதிமன்றங்களுக்குத் தத்தம் வழியை வகுத்துக்கொண்டுள்ளன. வட கரோலினாவில் ஆதியில் சட்டமன்றமே நீதிபதிகளைத் தேர்ந்தெடுத்தது.

அந்நாளில் விளங்கிய ஒரு நீதிபதியை நாம் அறிந்திருக்க வேண்டும். அவர் வில்லியம் காஸ்டன், பக்தியுள்ள கத்தோலிக்கர். 1776-இல் எழுதப்பட்ட மாநில அரசியலமைப்பு, புராட்டஸ்டண்டு சமயத்தின் உண்மையை மறுப்பவர் பதவி வகிக்கலாகாது என்றது. அப்படியிருந்தும் 1833-இல் சட்டமன்றம் காஸ்டனை உச்சநீதிமன்ற நீதிபதியாகத் தேர்ந்தெடுத்தது. 1835-இல் கூடிய மாநாட்டில் அவர் அவ்விதியை எதிர்த்து வாதாடினார். விதி தளர்த்தப்பட்டுக் கத்தோலிக்கருக்கு வழி பிறந்தது. 1838-இல், விடுதலை பெற்ற அடிமையும் இம்மாநிலத்தின் குடிமகனே என்று அவர் தீர்ப்பு எழுதினார். அடிமை வாணிபம் மலிந்திருந்த அந்நாளில் இது எவ்வளவு துணிவான சொல்! அப்படிப்பட்டவர் அன்று ஊர் ஊராகச் சென்று வாக்குக் கேட்டிருந்தால் வென்றிருப்பாரா என்று நாம் எண்ணிப் பார்க்கலாம்.

1868-இல் எழுதப்பட்ட புதிய அரசியலமைப்பு நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை மக்களிடம் ஒப்படைத்தது. இன்று மாநில உச்சநீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளையும், மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் பதினைந்து நீதிபதிகளையும் மாநிலம் முழுவதும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறது. பதவிக்காலம் எட்டு ஆண்டுகள்.

இம்முறையின் நன்மையையும் குறையையும் 1974 தேர்தல் ஒருசேரக் காட்டியது. சூசி ஷார்ப் 1949-இல் அம்மாநிலத்தின் உயர் விசாரணை நீதிமன்றத்துக்கு முதற்பெண் நீதிபதியாகவும், 1962-இல் உச்சநீதிமன்றத்துக்கு முதற்பெண் நீதிபதியாகவும் நியமிக்கப்பட்டவர். 1974-இல் அவர் தலைமை நீதிபதி பதவிக்குப் போட்டியிட்டார். எதிர்க்கட்சியில் அப்பதவியை நாடியவர்களுள் எல்ரெட்டா அலெக்சாண்டர் ஒருவர், கறுப்பினப் பெண்மணி, சட்டம் பயின்று நீதிபதியாக இருந்தவர். ஆனால் அக்கட்சியின் முதற்கட்டத் தேர்தலில் வாக்காளர்கள் அவரை விட்டுவிட்டுத் தீயணைப்புக் கருவி விற்கும் ஒருவரைத் தேர்ந்தெடுத்தனர். அவர் சட்டமே படிக்காதவர்! நல்ல வேளையாக, நவம்பர் தேர்தலில் சூசி ஷார்ப் பெரும் வெற்றி பெற்றார். அமெரிக்க மாநிலம் ஒன்றின் தலைமை நீதிபதியாக மக்கள் வாக்கால் வந்த முதற்பெண் அவரே. இந்நிகழ்ச்சி தந்த பாடத்தால், வழக்கறிஞராகத் தகுதி பெற்றவரே நீதிபதியாகலாம் என்ற திருத்தத்தை 1980-இல் மக்களே வாக்களித்து ஏற்றனர்.

வேறொரு சிக்கலும் உண்டு. 2004 முதல் சில காலம் வாக்குச்சீட்டில் நீதிபதிகளின் கட்சிப் பெயர் இடம் பெறவில்லை. 2018-இல் உச்சநீதிமன்றத் தேர்தலில் கட்சிப் பெயர் திரும்பி வந்தது. 2022 பிப்ரவரியில், கட்சி நலனுக்காகத் தொகுதிகளை வளைப்பது மாநில அரசியலமைப்புக்கு முரண் என்று நான்கு பேர் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாக அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு நவம்பரில் தேர்தல் வந்தது, பெரும்பான்மை மாறியது. 2023 ஏப்ரலில் அதே நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளிவிட்டது. அரசியலமைப்பில் ஓர் எழுத்தும் மாறவில்லை, மாறியவர்கள் நீதிபதிகளே.

ஒரு வாக்கின் விலை

என் ஒரு வாக்கால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு இம்மாநிலம் நல்ல விடை தருகிறது. 2020-இல் பால் நியூபி என்பவர் செரி பீஸ்லி அம்மையாரை வென்று தலைமை நீதிபதியானார். பதிவான வாக்குகள் 53 இலட்சத்துக்கும் மேல். வித்தியாசமோ 401 மட்டுமே.

2024-இல் நீதிபதி அலிசன் ரிக்ஸ் அம்மையாரும் ஜெஃபர்சன் கிரிஃபினும் போட்டியிட்டனர். 55 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் ரிக்ஸ் 734 வாக்குகள் கூடுதலாகப் பெற்றார். மறு எண்ணிக்கையிலும் முடிவு மாறவில்லை. ஆனால் 60,000-க்கும் மேற்பட்ட வாக்குகளைத் தள்ள வேண்டும் என்று கிரிஃபின் வழக்குத் தொடுத்தார். வாக்காளர்கள் கள்ள வாக்குப் போட்டதாக அவர் சொல்லவில்லை. பதிவேட்டில் ஓர் எண் விடுபட்டுள்ளது என்பது போன்ற காரணங்களையே சொன்னார். அப்பட்டியலில் ரிக்ஸின் பெற்றோர் பெயரும் இருந்தது! வழக்கு மாநில உச்சநீதிமன்றத்துக்கு வந்தபோது ரிக்ஸ் அதைக் கேட்க அமராமல் விலகி நின்றார். தன் வழக்கில் தானே நீதிபதியாக இருத்தல் முறையன்று அல்லவா? இறுதியில், 2025 மே 5 அன்று, தேர்தல் முடிந்தபின் அதன் விதிகளை மாற்றலாகாது என்று கூட்டாட்சி நீதிபதி ஒருவர் தீர்ப்பளித்தார். இரு நாள் கழித்துக் கிரிஃபின் தோல்வியை ஒப்புக்கொண்டார். ஆறு மாதங்கள் கழித்து அத்தனை ஆயிரம் வாக்குகளும் பிழைத்தன.

நாம் அறிய வேண்டுவது

நியமிக்கப்பட்ட நீதிபதி தம்மை நியமித்தவருக்கு அஞ்சலாம். தேர்ந்தெடுக்கப்பட்ட நீதிபதி கூட்டத்துக்கு அஞ்சலாம். பிலாத்துவை நினைத்துப் பாருங்கள். இயேசுவிடம் குற்றம் ஒன்றும் காணவில்லை என்று அவன் வாயாலேயே சொன்னான். ஆயினும் வெளியே நின்ற கூட்டத்தின் கூச்சலுக்கு அஞ்சித் தீர்ப்பை மாற்றினான். கையைக் கழுவினான், பழி கழுவப்படவில்லை.

ஆகவே நீதிபதியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்ற மக்களுக்கு இரட்டைக் கடமை உண்டு. போட்டியிடுபவரின் கல்வியையும் நேர்மையையும் அறிந்து வாக்களிப்பது ஒன்று. வாக்களித்தபின், நமக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல் என்று கேளாதிருப்பது மற்றொன்று. ஆளுநரும் சட்டமன்ற உறுப்பினரும் தமக்கு வாக்களித்தவர்களை நினைவில் வைத்திருக்க வேண்டும். நீதிபதியோ வெற்றி பெற்ற அன்றே அவர்களை மறந்துவிட வேண்டும். மூன்று பதவிக்கும் வாக்குச்சீட்டு ஒன்றாக இருக்கலாம். வாக்களிப்பவர் மனத்தில் இந்த வேறுபாடு இருந்தால்தான் மக்களாட்சியில் நீதி தழைக்கும்.