"பள்ளிக்கூடம் போக மாட்டேன்!" – தவிக்கும் ஜப்பான் பெற்றோர்

காலை மணி 7. அம்மா வேலைக்குப் புறப்பட்டுவிட்டாள். மகன் படுக்கையை விட்டு எழவில்லை.

"வயிறு வலிக்கிறது அம்மா!"

டாக்டரிடம் காட்டினால் ஒரு கோளாறும் இல்லை என்கிறார். மணி 10 ஆனால் வலி போய்விடுகிறது. மறுநாள் காலை 7 மணிக்குத் திரும்ப வந்துவிடுகிறது!

இது நடிப்பு அல்ல. பள்ளிக்கூடத்தை நினைத்தாலே சில பிள்ளைகளுக்கு உண்மையாகவே வலிக்கும்.

ஜப்பானில் இப்படிப்பட்ட வீடுகள் ஏராளம். நோயோ வறுமையோ காரணமாக இல்லாமல், ஓர் ஆண்டில் 30 நாளோ அதற்கு மேலோ பள்ளிக்கு வராத பிள்ளைகளை அந்நாட்டு அரசு கணக்கெடுக்கிறது. இதற்கு "ஃபுடோகோ" என்று பெயர். 2023-ம் கல்வி ஆண்டில் தொடக்கப் பள்ளியிலும் நடுநிலைப் பள்ளியிலும் சேர்த்து 3,46,482 பேர். நடுநிலைப் பள்ளியில் மட்டும் 15 பேருக்கு ஒருவர்!

சக மாணவர்களின் கேலி, ஆசிரியரிடம் பயம், புரியாத பாடம் என்று காரணங்கள் பல. காரணத்தைச் சொல்லத் தெரியாத பிள்ளைகளும் உண்டு.

வேலையா, பிள்ளையா?

சின்னப் பிள்ளையை வீட்டில் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவது? அம்மா பள்ளிக்குப் போன் செய்கிறாள். "இன்றும் வரமாட்டான்." அடுத்த போன் அலுவலகத்துக்கு. "இன்றும் தாமதமாக வருவேன்."

எத்தனை நாள் பொறுப்பார்கள்?

பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் லீவு எடுக்கச் சட்டம் உண்டு. ஒரு பிள்ளை என்றால் ஆண்டுக்கு 5 நாள். 2025 ஏப்ரல் முதல் 3-ம் வகுப்புப் பிள்ளை வரை இது செல்லும். அந்த நாட்களுக்குச் சம்பளம் தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. "பள்ளிக்குப் போக மறுக்கிறான்" என்பது அந்தச் சட்டம் சொல்லும் காரணங்களில் இல்லை.

கடைசியில் வீட்டில் ஒருவர் வேலையை விட நேர்கிறது. அது பெரும்பாலும் தாய்தான்! அப்பா வழக்கம்போல் ரயில் ஏறிவிடுகிறார்.

சம்பளம் நின்ற வேளையில் செலவு ஏறுகிறது. இத்தகைய பிள்ளைகளுக்கென்று தனியார் நடத்தும் "ஃப்ரீ ஸ்கூல்"கள் இருக்கின்றன. 2015-ல் அரசு விசாரித்தபோது, மாதக் கட்டணம் சராசரி 33 ஆயிரம் யென். டோக்கியோ மாநகர அரசு 2024 முதல் மாதம் 20 ஆயிரம் யென் வரை உதவுகிறது. மீதி பெற்றோர் தலையில்!

2016-ல் ஒரு சட்டம் வந்தது. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஓய்வும் தேவை என்று அது ஒப்புக்கொண்டது. வீட்டில் ஓய்வெடுக்கும் பிள்ளைக்குப் பகலில் சோறு போடுவது யார் என்பதை அது சொல்லவில்லை.