குழல் சொல்லும் கதை

தாத்தா காலத்துத் துப்பாக்கி வாங்க ஆசையா? மேலே பொறித்த பெயரை மட்டும் நம்பாதீர்கள். குழலைக் கழற்றிப் பாருங்கள்.

கொல்கத்தாவின் டல்ஹௌசி சதுக்கத்துக்குத் துப்பாக்கி வியாபாரம் புதிதல்ல. 1914 ஆகஸ்டில் ரோடா கம்பெனிக்கு வந்த சரக்கிலிருந்து 50 மாசர் பிஸ்டல்களையும் 46,000 தோட்டாக்களையும் வங்கப் புரட்சியாளர்கள் மாட்டு வண்டியில் ஏற்றிச் சென்று மறைந்தது இந்த வட்டாரத்தில்தான். அந்தக் காலத்துக் கடைகளுக்கு இன்று வருகிற சரக்கு வேறு ரகம். தாத்தா வேட்டைக்கு எடுத்துப் போன துப்பாக்கியைத் துணியில் சுற்றிக்கொண்டு, எவ்வளவு தேறும் என்று கேட்டபடி பேரன் வந்து நிற்கிறார்.

அவரை அங்கே கொண்டு வந்தவை அரசின் முடிவுகள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கு முடிவு கட்டியது. 1980களின் நடுவில் தனியார் துப்பாக்கி இறக்குமதி ஏறக்குறைய நின்றுபோனது. 2019இல் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்டு, ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டன. பரம்பரைச் சொத்தாக வந்தாலும் இதே வரம்புதான். ஆக, வெளிநாட்டுச் சரக்கு புதிதாக வருவது அரிது. இருப்பதுதான் கை மாறுகிறது. அதனாலேயே பழைய ஆங்கிலப் பெயர்களுக்கு இன்னும் மவுசு.

கடை அலமாரியில் பெரும்பாலும் இருப்பது சாதாரண 12 போர் இரட்டைக் குழல். ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டையின் விட்டம் 0.729 அங்குலம். 12 போர் என்ற பெயரின் கணக்கு இதுதான். எப்போதாவது விசித்திரப் பிறவிகளும் தலைகாட்டும். ஹாலண்ட் அண்ட் ஹாலண்டின் 'பாரடாக்ஸ்' அதில் ஒன்று. இந்தியாவில் பணியாற்றி விக்டோரியா கிராஸ் பெற்ற ஃபாஸ்பரி 1885இல் காப்புரிமை பெற்ற யோசனை அது. குழல் முழுக்க வழுவழுப்பு. வாய்ப்பக்கம் மட்டும் ரைபிளைப் போலச் சுழல் பள்ளம். பறவைக்கு ரவை, புலிக்குக் குண்டு என இரண்டுக்கும் ஒரே துப்பாக்கி. இன்னொன்று .410 மஸ்கெட். .303 லீ என்ஃபீல்டு ரைபிளை வழுவழுப்புக் குழலாக மாற்றிப் போலீசுக்கும் காவலர்களுக்கும் கொடுத்தார்கள். அதற்கென்றே தனித் தோட்டா இருந்தது. பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று கடையில் கிடைக்கும் சாதாரண .410 தோட்டாவை அதில் போடக் கூடாது.

விசித்திரம் என்பதற்காகவே விலை ஏறும். ஏமாற்றும் அங்கேதான் தொடங்குகிறது. பெல்ஜியத்தின் லீஜ் நகரம் ஒரு காலத்தில் மலிவுத் துப்பாக்கிகளை உலகெங்கும் அனுப்பியது. அவற்றில் சில, புகழ்பெற்ற வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸை நினைவூட்டும்படி 'டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்' என்ற பெயர் தாங்கி வந்தன. மேலே ஆங்கிலப் பெயர், குழலின் அடியில் நீள்வட்டத்துக்குள் 'ஈ.எல்.ஜி.' என்ற எழுத்துகள் என்றால் சோதனை நடந்தது லீஜில்.

குழலைக் கழற்றிக் கவிழ்த்தால் தட்டையான அடிப்பகுதியில் தெரியும் இந்தச் சோதனை முத்திரைகள்தான் துப்பாக்கியின் ஜாதகம். லண்டனிலும் பர்மிங்காமிலும் உள்ள சோதனைச் சாலைகள், வழக்கத்தைவிடக் கூடுதல் அழுத்தத்தில் சுட்டுப் பார்த்து, தாங்கிய குழலுக்கே முத்திரை போடுகின்றன. 'என்.பி.' என்றோ 'நைட்ரோ புரூஃப்' என்றோ இருந்தால் புகையில்லா மருந்துக்குச் சோதிக்கப்பட்டது. அது இல்லாத பழைய துப்பாக்கி கருமருந்துக் காலத்தது என்றே கொள்ள வேண்டும். இரும்பையும் எஃகையும் நாடாவாக முறுக்கிச் சுற்றிப் பற்றவைத்த டமாஸ்கஸ் குழலின் வரிகள் கண்ணைப் பறிக்கும். அழகுக்கும் வலுவுக்கும் சம்பந்தமில்லை.

அடுத்து அளவு. துருவைத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய குழல் கண்ணாடி போல மின்னும். ஆனால் சுவர் மெலிந்திருக்கும். ஆயிரத்தில் 20 பங்கு அங்குலம், அதாவது சுமார் அரை மில்லிமீட்டர், பிரிட்டிஷ் வியாபாரிகள் பொதுவாகச் சொல்லும் கீழ் வரம்பு. உள்விட்டம் முத்திரையில் உள்ள அளவைவிட ஆயிரத்தில் 10 பங்கு அங்குலம் கூடிவிட்டால் அங்கே அந்தச் சோதனை செல்லாது. இதை அளக்கத் தனிக் கருவி வேண்டும். அளக்க விடாத கடையில் வாங்காமல் திரும்புவதே லாபம்.

கருவி இல்லாமலே செய்யக்கூடிய பரீட்சைகளும் உண்டு. கழற்றிய குழல்களை விரலில் தொங்கவிட்டுத் தட்டுங்கள். மணி போல ஒலித்தால் நல்லது. அதிர்ந்து கரகரத்தால் இரு குழல்களையும் இணைக்கும் பட்டை விட்டிருக்கிறது. வெளிச்சத்தை நோக்கிக் குழலுக்குள் பாருங்கள். நிழல் வளையம் உடைந்து தெரியும் இடத்தில் நசுங்கல் இருக்கிறது. முன்கட்டையை எடுத்துவிட்டு ஆட்டிப் பாருங்கள். லொடலொடத்தால் பூட்டு தேய்ந்துவிட்டது. குழல், உடல், முன்கட்டை மூன்றிலும் ஒரே வரிசை எண் இருக்க வேண்டும்.

தோட்டாவிலும் கவனம் தேவை. பழைய ஆங்கில 12 போர்களில் பலவற்றின் தோட்டா அறை 65 மில்லிமீட்டர். 70 மில்லிமீட்டர் தோட்டாவும் அதில் சாதுவாக நுழைந்துவிடும். ஏனெனில் அதன் வாய் மடிந்திருக்கிறது. சுடும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். நூறு வருடக் குழலுக்கு இது கூடாத சோதனை. பிளந்தால் போவது இடது கையும் கண்ணும்.

'பழம்பொருள்தானே, லைசென்ஸ் எதற்கு?' என்று யாராவது சொன்னால் உஷாராகுங்கள். பழமையான துப்பாக்கிக்கு 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் விலக்கு தருகிறது. ஆனால் பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுட முடியாததாக இருந்தால்தான். சுடக்கூடியது எனில் உரிமம் கட்டாயம். இல்லாமல் வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. தனி நபரிடம் வாங்கினால், விற்பவர் மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ போலீஸ் நிலையத்துக்கோ எழுத்து மூலம் தெரிவித்து 45 நாள் கழிந்திருக்க வேண்டும்.

பேரன் கேட்ட கேள்விக்குப் பதில் பெயரில் இல்லை. பெரிய பெயரும் மெலிந்த குழலும் சேர்ந்தால் அது சுவரில் மாட்டும் அலங்காரம். அதற்கும் லைசென்ஸ் தேவைப்படும் என்பதுதான் வேடிக்கை. பெயரே தெரியாத பட்டறையில் செய்து, முத்திரையும் கனமும் குறையாத துப்பாக்கியோ இன்னொரு தலைமுறைக்கு உழைக்கும்.