மலைப்பாதை இறங்கிய வண்டியின் கீச்சொலி

கல்லும் சேறும் ஓடைநீரும் கலந்த பாதையில் ஒரு நாள் முழுவதும் ஓடித் திரும்பிய வண்டியை மறுநாள் காலையில் மெல்ல நகர்த்தும்போது, முந்தைய நாள் வரை இல்லாத ஒரு கீச்சொலி அடிப்பகுதியிலிருந்து எழுவது நான்கு சக்கர இயக்க ஜீப்புகளிலும் பிக்கப் வண்டிகளிலும் அடிக்கடி நேர்வதாகும். தேனி மாவட்ட எல்லைக்குள் இருந்தாலும் கேரளத்தின் சூரியநெல்லி வழியாகவே வண்டியில் சென்றடையக்கூடிய கொழுக்குமலைப் பாதையைப் போன்ற, உருளைக்கற்களின்மீதே ஏறி இறங்க வேண்டிய தடங்களில் நாள்தோறும் ஓடும் வண்டிகளுக்கு இது புதிதன்று. அந்த ஒலி ஒரு சிறு கல்லின் வேலையாக இருக்கலாம். சில நூறு கிலோமீட்டரில் முறியப்போகும் ஓர் இணைப்பின் முன்னறிவிப்பாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் காதில் விழும் ஓசை ஏறத்தாழ ஒன்றே என்பதால், ஸ்பானரை எடுப்பதற்கு முன் ஒலியை விசாரிப்பதே முறையான தொடக்கமாகும்.

கீச்சொலி எவ்வாறு பிறக்கிறது என்பதை முதலில் அறிந்துகொண்டால் தேடல் எளிதாகும். ஒன்றன்மீது ஒன்று அழுந்தியிருக்கும் இரு பரப்புகளை நகர்த்தத் தொடங்குவதற்கு வேண்டிய விசை, நகர்ந்துகொண்டிருக்கும் பரப்புகளைத் தொடர்ந்து நகர்த்துவதற்கு வேண்டிய விசையைவிட மிகுதி. ஆகவே மசகு வற்றிய இடத்தில் பரப்புகள் ஒரு கணம் ஒட்டிக்கொள்கின்றன, இழுவிசை கூடியதும் சட்டென வழுக்குகின்றன, மீண்டும் ஒட்டிக்கொள்கின்றன. இந்த ஒட்டலும் வழுக்கலும் நொடிக்குப் பல நூறு முறையோ அதற்கு மேலுமோ நிகழும்போது சுற்றியுள்ள உலோகம் அதிர்ந்து ஒலிக்கிறது. வயலின் தந்தியின்மீது வில் இழுபடும்போது நிகழ்வதும் இதுவே. வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து மாட்டுவண்டியின் அச்சுக்கு இட்டவர்கள் இந்த உண்மையைக் கையால் அறிந்திருந்தனர். கரடுமுரடான பாதை இரண்டு வகைகளில் இந்நிலையை உண்டாக்குகிறது: நீரும் சேறும் மசகைக் கழுவிச் செல்கின்றன, மணலும் நுண்கற்களும் மசகு இருந்த இடத்தில் குடியேறுகின்றன.

ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை மட்டும் நம்பித் தேடுபவர் பெரும்பாலும் ஏமாறுகிறார். காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும் ஒலி, எஃகில் ஏறத்தாழ 5,000 மீட்டர் வேகத்தில் செல்கிறது; வண்டியின் நீண்ட சேஸிஸ் சட்டம் பின் அச்சின் ஒலியை ஓட்டுநரின் காலடிக்கே கொண்டுவந்து விடுகிறது. அதனால் ‘எங்கே’ என்பதைக் காட்டிலும் ‘எதனோடு சேர்ந்து’ என்ற கேள்வியே பயன் தருகிறது. வண்டி குலுங்கும்போது மட்டும் ஒலிக்கிறதா, ஸ்டீயரிங் திரும்பும்போது ஒலிக்கிறதா, பிரேக்கை மிதித்தால் மாறுகிறதா, எஞ்சினின் வேகத்தோடு ஏறி இறங்குகிறதா, அல்லது வண்டியின் வேகத்தோடு தாளம் தப்பாமல் நடக்கிறதா என்று பிரித்துப் பார்த்தால், ஐயத்துக்குரிய பாகங்களில் பெரும்பகுதி முதல் கால் மணி நேரத்திலேயே விலகிவிடும்.

தாளத்தை எண்ணுவது இவற்றில் மிக நுட்பமானது; அதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. டயரின் விட்டம் 75 சென்டிமீட்டர் எனக் கொண்டால் சக்கரம் ஒரு சுற்றில் ஏறத்தாழ 2.4 மீட்டர் உருளும். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு ஒரு சுற்றுக்குச் சற்று மேல்தான் சுழலும். ஆனால் கியர் பெட்டியிலிருந்து பின் அச்சுக்கு விசையைக் கொண்டுசெல்லும் புரொபெல்லர் ஷாஃப்ட், அதாவது லாரிப் பட்டறைகளில் ஜாயின்ட் ராடு என்று வழங்கும் நீண்ட குழாய்த் தண்டு, அச்சின் நடுவிலுள்ள கிரவுன் பல்சக்கரத்தின் விகிதம் நான்குக்கு ஒன்று என்றால், அதே வேகத்தில் நொடிக்கு நான்கைந்து முறை சுழலும். காலியான, சமமான சாலையில் சன்னல்களை இறக்கிவிட்டு, ஒரு சுவரை ஒட்டி அந்த வேகத்தில் ஓட்டிக் கேட்டால், ‘கீச்… கீச்…’ என்று இடைவெளி விட்டு ஒலிப்பது சக்கரத்தோடு தொடர்புடையது, ‘கீச்சுகீச்சுகீச்சு’ என்று குருவிக்கூட்டம் போல ஒலிப்பது தண்டோடு தொடர்புடையது என்று தெரிந்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போதே கணநேரம் நியூட்ரலுக்கு மாற்றியும் தாளம் மாறவில்லை என்றால் எஞ்சினும் அதன் பெல்ட்டும் குற்றமற்றவை.

சக்கரத்தின் தாளத்தோடு வரும் ஒலியில் முதலில் ஐயப்பட வேண்டியது பிரேக் பகுதியாகும். டிஸ்க் பிரேக் உள்ள சக்கரங்களில் டிஸ்க்குக்குப் பின்னால், தூசும் நீரும் தெறிக்காமல் மறைப்பதற்காக ஒரு மெல்லிய தகடு பொருத்தப்பட்டிருக்கும். டிஸ்க்குக்கும் அதற்கும் இடையில் ஒரு மிளகளவு கல் சிக்கினாலே ஓட்டுநர் திடுக்கிடும் அளவுக்கு உலோகம் கிழிபடும் ஓசை எழும். வண்டியைச் சில மீட்டர் பின்னோக்கி ஓட்டினால் அந்தக் கல் பெரும்பாலும் தானே விழுந்துவிடும். தகடு வளைந்து டிஸ்க்கைத் தொட்டுக்கொண்டிருந்தால், டிஸ்க் ஆறிய பின் கையாலேயே நிமிர்த்திவிடலாம். பிரேக்கை இலேசாக மிதித்ததும் ஒலி மாறினாலோ நின்றாலோ ஐயம் பேடுகளின் பக்கம் திரும்ப வேண்டும். பல பேடுகளில், தேய்மானம் எல்லையை எட்டும்போது டிஸ்க்கை உரசிக் கீச்சிடும்படி ஒரு சிறு எஃகு நாக்கு வேண்டுமென்றே வைக்கப்பட்டிருக்கிறது, சேற்றோடு ஓடிய பேடுகள் அந்த எல்லையை எதிர்பார்த்ததைவிட விரைவில் எட்டுகின்றன. டிரம் பிரேக்கில் நுழைந்த சேறு உலர்ந்து பொடியாகி உள்ளேயே தங்கிவிடுவதால், டிரம்மைக் கழற்றித் துடைக்காமல் அதற்குத் தீர்வில்லை. ஓடை கடந்த மறுநாள் டிஸ்க்கின்மீது படரும் மெல்லிய துருவின் உரசல் சில முறை பிரேக் பிடித்ததும் மறைந்துவிடும்; அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

வண்டி நின்றிருக்கும்போதே பம்பரை அழுத்தி விட்டால் கீச்சிடுகிறது என்றால் அது சஸ்பென்ஷனின் குரல். பிக்கப் வண்டிகளின் பின்புறத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட எஃகுப் பட்டைகளே ஸ்பிரிங்காக வேலை செய்கின்றன. பாரம் ஏறி இறங்கும்போது பட்டைகள் ஒன்றையொன்று உரசியபடி நீள்கின்றன, அவற்றுக்கிடையே புகுந்த மணல் அந்த உரசலை ஒலியாக்குகிறது. அழுத்தமான நீரால் மணலைக் கழுவி வெளியேற்றினாலே இது பெரும்பாலும் அடங்கும். பட்டையின் இரு முனைகளிலும் உள்ள ரப்பர் புஷ்களா ஒலிக்கின்றன என்பதை அறிய, ஒவ்வொரு புஷ்ஷாகச் சோப்புநீரை ஊற்றி, ஒவ்வொரு முறையும் வண்டியைக் குலுக்கிப் பார்ப்பது போதும்; எந்தப் புஷ்ஷில் நீர் பட்டதும் வாய் மூடுகிறதோ அதுவே காரணம். அந்த இடத்தில் கிரீஸையோ எஞ்சின் எண்ணெயையோ பூசும் பழக்கம் தவறானது: பெட்ரோலிய எண்ணெய் இயற்கை ரப்பரை உப்பச் செய்து மென்மையாக்கிக் கெடுக்கும் என்பதால், ரப்பருக்குச் சிலிக்கோன் வகை மசகே ஏற்றது. கழுவியும் ஒலி நிற்காத வண்டியில் பட்டைகளையும் அச்சையும் சேர்த்துக் கட்டியிருக்கும் யு போல்ட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பார்ப்பது தவிர்க்கக்கூடாத வேலையாகும். அவை தளர்ந்தால் அச்சே இடம் பெயரும்.

தண்டின் தாளத்தோடு வரும் குருவிக்கூட்ட ஒலியே இவை அனைத்திலும் மிகுந்த கவனத்துக்குரியது. ஜாயின்ட் ராடின் முனைகளில் கிராஸ் எனப்படும் கூட்டல் குறி வடிவ எஃகுத் துண்டு ஒன்று இருக்கிறது. அதன் நான்கு கைகளும் நான்கு சிறு கிண்ணங்களுக்குள் நுழைந்திருக்க, ஒவ்வொரு கிண்ணத்தின் உட்சுவரிலும் தையல் ஊசியைப் போன்ற மெல்லிய உருளைகள் வரிசையாக நிற்கின்றன. பின் அச்சு மேலும் கீழும் ஆடும்போதும் தண்டு முறியாமல் சாய்ந்து சாய்ந்து சுழல்வதற்கு வழிசெய்வது இந்த அமைப்பே. இதில் அந்த ஊசிகள் முழு வட்டமாக உருள்வதில்லை. சில பாகை மட்டும் முன்னும் பின்னும் ஆடுகின்றன. ஆகையால் நீர் புகுந்து கிரீஸ் கழுவப்பட்டதும் ஒவ்வோர் ஊசியும் கிராஸின் கையில் ஒரே இடத்தையே திரும்பத் திரும்ப அழுத்தி, அங்கே நகத்தால் கீறியது போன்ற இணையான பள்ளங்களைப் பதிக்கிறது. கிண்ணத்தின் விளிம்பில் செந்தூரம் தூவியது போல நுண்ணிய செந்நிறத் துருத்தூள் படிந்திருந்தால் உள்ளே வறண்டுவிட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

கையால் சோதிப்பதற்கு, வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்துவிட்டு, தண்டை ஒரு கையாலும் அது இணையும் வட்டத் தகட்டை மறு கையாலும் பற்றி எதிரெதிர்த் திசையில் திருக வேண்டும். தண்டும் தகடும் சேர்ந்தே சற்று அசைந்தால் அது கிரவுன் பற்களுக்கிடையே இயல்பாக இருக்கும் இடைவெளி. தண்டு முதலில் அசைந்து தகடு பின்னால் வந்தால் கிராஸ் தேய்ந்துவிட்டது என்று பொருள். அந்தத் தேய்மானத்தோடு ஓட்டுவதைத் தள்ளிப்போடத்தக்க செலவாகக் கருதுவது பெருந்தவறு. முன்முனையில் கிராஸ் முறிந்தால் தண்டு தரையில் விழுந்து குத்தி வண்டியைத் தூக்கிவிடக்கூடும். பின்முனையில் முறிந்தால் சுழலும் தண்டு பிரேக் குழாயையும் டீசல் டேங்கையும் அடித்து நொறுக்கக்கூடும்.

ஓடையில் இறங்கிய வண்டிக்கு மற்றொரு சோதனையும் உரியது. ஓடிச் சூடேறிய அச்சுக்கூடு குளிர்ந்த நீரில் மூழ்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்குகிறது. அந்த உறிஞ்சலைச் சமன்செய்வதற்காக வைக்கப்பட்டிருக்கும் பிரீதர் என்னும் சிறு காற்றுத்துளை சேற்றால் அடைபட்டிருந்தால், ஆயில் சீல்களின் ஓரமாக நீரே உள்ளே இழுக்கப்படுகிறது. கிரவுன் எண்ணெய் பால் கலந்த தேநீரின் நிறத்துக்கு மாறியிருந்தால் அதை உடனே வடித்து மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால் கெடும் அச்சுக்கூட்டின் பேரிங், வெகுநாள் கழித்து எழுப்புவது கீச்சொலியன்று, உறுமல். உறுமல் கேட்கும் நாளில் செலவு பன்மடங்காகியிருக்கும்.

எஞ்சினோடு மட்டும் ஏறி இறங்கும் கீச்சொலி சேறு படிந்த பெல்ட்டினுடையது. சுழலும் பெல்ட்டின்மீது விலகி நின்று சிறிது நீரைத் தெளித்ததும் ஒலி சற்று நேரம் அடங்கினால் பெல்ட் ஓடும் கப்பிகள் நேர்க்கோட்டில் இல்லை என்றும், கூடினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது என்றும் கொள்ளலாம். நின்ற வண்டியில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது மட்டும் முனகுவது, ரப்பர் உறை கிழிந்து மணல் புகுந்த பால் ஜாயின்ட்டின் அடையாளம். உறையை மட்டும் மாற்றி உள்ளே தேய்ந்ததை விட்டுவைப்பதால் பயனில்லை.

டபிள்யூடி-40 போன்ற தெளிப்பானை அடிப்பகுதி முழுவதும் அடித்து ஒலியை அடக்கிவிடுவது பலரும் செய்யும் காரியம். அந்தப் பெயரில் உள்ள முதல் இரண்டு எழுத்துகள் நீரை விலக்குவதையே குறிக்கின்றன. மெல்லிய அந்தத் திரவம் பேரிங்கில் எஞ்சியிருக்கும் கிரீஸையும் கரைத்து வெளியேற்றிவிட்டுச் சில நாட்களில் தானும் மறைந்துவிடும், அதுவரை கிடைத்த மௌனம் தேய்மானத்தை மறைத்து வைக்கும். கிராஸில் கிரீஸ் நிப்பிள் இருந்தால் கிரீஸ் கன்னால் புதிய கிரீஸை மெல்ல ஏற்ற வேண்டும். நான்கு கிண்ணங்களின் விளிம்பிலும் பழைய அழுக்குக் கிரீஸ் வெளியேறி, பின்னால் புதியது எட்டிப்பார்க்கும் வரை நிறுத்தக் கூடாது. மூன்றில் வந்து ஒன்றில் வரவில்லை என்றால் அந்த ஒன்றில்தான் ஊசிகள் காய்ந்து கிடக்கின்றன என்பதால் கிராஸை மாற்றுவதே வழி.

மாற்றும்போது, தண்டைக் கழற்றுவதற்கு முன்பே, தண்டின்மீதும் இணைப்புத் தகட்டின்மீதும் நீளம் மாறுவதற்கேற்ப உள்நுழையும் பற்கள் கொண்ட குழாயின்மீதும் ஒரே நேர்க்கோட்டில் அடையாளம் இட்டுக்கொள்ள வேண்டும். சாய்ந்த நிலையில் ஒரு கிராஸ் தண்டை ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைவாகவும் இருமுறை மெதுவாகவும் சுழற்றுகிறது. மறுமுனையிலுள்ள கிராஸ் அந்த ஏற்ற இறக்கத்தை ஈடுசெய்ய வேண்டுமானால் தண்டின் இரு முனைகளிலும் கிராஸைத் தாங்கும் கவைகள் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். குழாய்ப் பற்களில் ஒரு பல் தள்ளிப் பூட்டினாலும் கீச்சொலி போன வண்டியில் அதிர்வு வந்து சேரும் என்பதால், அனுபவமுள்ள மெக்கானிக் சேற்றில் அழியும் சாக்கட்டிக் கோட்டை நம்பாமல், சென்டர் பஞ்ச்சால் இரண்டு புள்ளிகளைத் தட்டிவிட்டே முதல் நட்டைத் தளர்த்துகிறார்.