சுவரொட்டியில் இல்லாதது எது?

உயர்தர வகுப்பில் ரஷ்யப் புரட்சியைப் படிக்கும்போது ஐந்தாண்டுத் திட்டம், கூட்டுப்பண்ணை, லெனின், ஸ்டாலின் என்று பக்கம் பக்கமாகக் குறிப்பு எழுதுகிறோம். அந்தக் குறிப்புகள் சொல்லாத பலவற்றை அக்காலச் சுவரொட்டிகள் எனக்குச் சொல்லித் தந்தன. சோவியத் அரசு தன் மக்கள் எதை நம்ப வேண்டும் என்று விரும்பியது, எதைப் பார்க்காமல் இருக்க வேண்டும் என்று விரும்பியது என்ற இரண்டும் அவற்றில் தெரிகின்றன.

முதலில், ஏன் சுவரொட்டி? 1897ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி ரஷ்யப் பேரரசில் நூற்றுக்கு 21 பேருக்கே எழுத வாசிக்கத் தெரிந்திருந்தது. 1917இல் ஆட்சியைப் பிடித்த போல்ஷெவிக்குகள் பத்திரிகையை மட்டும் நம்பியிருந்தால் பெரும்பாலான மக்களிடம் போய்ச் சேர்ந்திருக்க முடியாது. படமோ எல்லாருக்கும் புரியும். உள்நாட்டுப் போர் நடந்த 1919இல் 'ரொஸ்டா' என்ற அரச செய்தி நிறுவனம் மொஸ்கோவின் வெறுமையான கடைகளின் கண்ணாடி ஜன்னல்களில் படங்களை வைக்கத் தொடங்கியது. புகழ்பெற்ற கவிஞர் மயாகோவ்ஸ்கியும் அவற்றுக்கு எழுதினார், வரைந்தார். அச்சுக்கூடத்துக்குக் காத்திராமல் அட்டையில் வெட்டிய அச்சின் மேல் வர்ணம் பூசியே பல பிரதிகள் எடுத்தார்கள்.

இப்படங்களுக்கு ஓர் இலக்கணம் இருந்தது. தொழிலாளி சிவப்பு நிறத்தில், நிமிர்ந்து, பெரியவனாக நிற்பான். முதலாளி உயரத் தொப்பியும் தொந்தியுமாகச் சிறுத்து நிற்பான். பார்த்த உடனேயே யார் நல்லவன், யார் எதிரி என்று புரிந்துவிடும். இடைப்பட்ட மனிதர் எவருக்கும் அங்கே இடமில்லை. சந்தேகப்பட நேரம் கொடுக்காததுதான் பிரசாரச் சுவரொட்டியின் பலம்.

இந்தக் கலையில் முன்னணியில் நின்றவர்களில் ஒருவர் திமித்ரி மூர். 'நீ தொண்டனாகச் சேர்ந்துவிட்டாயா?' என்று விரலை நீட்டிக் கேட்கும் செம்படை வீரனை 1920இல் வரைந்தவர் அவர்தான். அதற்கு முந்திய வருடம் அவர் வரைந்த ஒன்று முஸ்லிம்களாகிய நம்மை நிறுத்தி யோசிக்க வைக்கும். அதில் குதிரை வீரர்கள் விரைகிறார்கள். அரபு எழுத்திலும் ரஷ்ய எழுத்திலும் 'முஸ்லிம் தோழர்களே' என்ற அழைப்பு இருக்கிறது. முன்னர் நபிகளாரின் (ஸல்) பச்சைக் கொடியின் கீழ் நின்ற நீங்கள் இப்போது செங்கொடியின் கீழ் திரளுங்கள் என்பது அதன் கருத்து. 1917இன் இறுதியில் லெனினும் ஸ்டாலினும் கையெழுத்திட்ட அறிக்கை ஒன்றும், உங்கள் நம்பிக்கைகளும் வழக்கங்களும் இனிச் சுதந்திரமானவை என்று முஸ்லிம்களுக்கு வாக்குறுதி அளித்திருந்தது. ஆட்சி உறுதிப்படாத காலத்தில் அரசுக்கு முஸ்லிம் வீரர்கள் தேவைப்பட்டார்கள். பத்து வருடங்கள் செல்வதற்குள் அதே அரசு ஷரீஆ நீதிமன்றங்களை ஒழித்து, மத்ரஸாக்களையும் பள்ளிவாசல்களையும் மூடத் தொடங்கியது.

மூரின் இன்னொரு படம் 1921இல் வந்தது. வொல்கா நதிப் பிரதேசத்தில் கொடிய பஞ்சம் நிலவிய நேரம் அது. கரிய பின்னணியில் எலும்பும் தோலுமான ஒரு முதியவர் இரு கைகளையும் உயர்த்தி நிற்கிறார். பக்கத்தில் ஒடிந்த கோதுமைக் கதிர். எழுதப்பட்டிருப்பது 'உதவு' என்ற ஒரே சொல். இதுவும் அரச பிரசாரம்தான். ஆனாலும் உண்மையைச் சொன்ன பிரசாரம். அன்று பஞ்சத்தை அரசு ஒப்புக்கொண்டது, வெளிநாட்டு உதவியையும் ஏற்றது.

1932, 1933இல் நிலைமை வேறு. விவசாயிகளின் நிலத்தையும் கால்நடைகளையும் கூட்டுப்பண்ணைகளுக்கு எடுத்து, தானியத்தையும் வற்புறுத்தி அறவிட்டதன் விளைவாக உக்ரைனிலும் கசகஸ்தானிலும் இலட்சக்கணக்கானோர் பட்டினியால் மாண்டனர். மேய்ச்சலை நம்பி வாழ்ந்த முஸ்லிம்களான கசாக் மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் மடிந்தார்கள். இம்முறை 'உதவு' என்று கேட்கும் சுவரொட்டி வரவில்லை. சுவர்களில் உழவு இயந்திரங்களும் குவிந்த கோதுமையும் சிரித்த முகங்களுமே இருந்தன. பஞ்சம் என்ற ஒன்று இல்லை என்றே அரசு சாதித்தது. தானியத்தைத் தொடர்ந்து ஏற்றுமதியும் செய்தது. 1931இலேயே கட்சியின் மத்திய குழு சுவரொட்டி வெளியீட்டைத் தன் இறுக்கமான கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்திருந்தது. எனவே மாறுபட்ட ஒரு படத்தை ஒட்ட யாருக்கும் வழியிருக்கவில்லை.

அப்படியானால் எல்லாச் சுவரொட்டியும் பொய்யா? அப்படிச் சொல்வதும் நியாயமாகாது. எலிசவேத்தா குருக்ளிக்கோவா என்ற பெண் ஓவியர் 1923இல் வரைந்த ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். மேசையில் புத்தகத்தோடு இருக்கும் மகள், "அம்மா, உனக்கு வாசிக்கத் தெரிந்திருந்தால் எனக்கு உதவியிருப்பாயே" என்று ஏங்குகிறாள். பெண்களே, எழுத்தறிவு பெறுங்கள் என்பது அதன் அழைப்பு. அந்த அழைப்பில் பொய் இல்லை. கோடிக்கணக்கான பெண்கள் எழுத வாசிக்கக் கற்றார்கள். அது அந்த அரசின் உண்மையான சாதனை.

ஆனால் மத்திய ஆசிய முஸ்லிம் பெண்களிடம் இந்தக் கல்வி வேறு சிலவற்றையும் சேர்த்துக் கொண்டுவந்தது. 1927 மார்ச் 8ஆம் திகதி உஸ்பெகிஸ்தானில் 'ஹுஜூம்' தொடங்கியது. தாக்குதல் என்று பொருள்படும் அரபுச் சொல் அது. பரஞ்சா என்ற போர்வையையும் குதிரை முடியால் நெய்த முகத்திரையையும் பெண்கள் பகிரங்கக் கூட்டங்களில் கழற்றித் தீயிலிட வேண்டும் என்றார்கள். சுவரொட்டிப் பெண் ஒளி வீசும் முகத்தோடு தொழிற்சாலையை நோக்கி நடந்தாள். வீதியில் நடந்தது வேறு. திரையைக் கழற்றிய பெண்கள் நூற்றுக்கணக்கில், சில இடங்களில் சொந்த உறவினராலேயே, கொல்லப்பட்டார்கள். பலர் அஞ்சி மீண்டும் திரையை அணிந்தார்கள். கழற்று என்றது அரசு, கழற்றினால் கொல்வோம் என்றார்கள் சில ஆண்கள். உனக்கு என்ன விருப்பம் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டவர் குறைவு.

எழுத்தும் மாறியது. 1920களின் இறுதியில் அரபு எழுத்துக்குப் பதிலாக லத்தீன் எழுத்தும், 1940 அளவில் ரஷ்ய எழுத்தும் வந்தன. வாசிக்கக் கற்ற மகளால் தன் பாட்டனாரின் புத்தகங்களை வாசிக்க முடியாமல் போனது. ஒரு கதவைத் திறந்த கையே மற்றக் கதவைப் பூட்டியது. சுவரொட்டியில் திறந்த கதவு மட்டுமே தெரிந்தது.

இச்சுவரொட்டிகளை உருவாக்கியவர்களும் தப்பவில்லை. குஸ்தாவ் குளுற்சிஸ் புகைப்படங்களை வெட்டி ஒட்டிப் புதுமையான சுவரொட்டிகளைச் செய்தவர். நீட்டிய ஒரு பெரிய உள்ளங்கைக்குள் எண்ணற்ற கைகளும் முகங்களும் உயர்ந்து நிற்கும் அவரது 1930ஆம் ஆண்டுப் படம் பேர்பெற்றது. ஸ்டாலினைப் போற்றியும் அவர் பல படங்கள் செய்தார். 1938 ஜனவரியில் கைது செய்யப்பட்டார். அடுத்த மாதம் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த உண்மை அவரது குடும்பத்துக்கு நெடுங்காலம் மறைக்கப்பட்டது.

ஆகவே எந்தப் பிரசாரப் படத்தைப் பார்த்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். இதை யார் செலவு செய்து செய்தார்? இதில் யாரை எதிரியாகக் காட்டுகிறார்கள்? இதில் இருக்க வேண்டிய யார் இல்லை? முதல் இரண்டுக்கும் படத்தைக் கூர்ந்து பார்த்தாலே ஓரளவு விடை கிடைக்கும். மூன்றாவதற்குப் படத்தில் விடை இராது. வேறு புத்தகங்களைத் தேட வேண்டும், மூத்தவர்களிடம் கேட்க வேண்டும், மறுதரப்பையும் வாசிக்க வேண்டும். ஆராயாமல் எந்தச் செய்தியையும் ஏற்காதீர்கள் என்று நம் மார்க்கம் கற்றுத் தருவதும் இதைத்தான். இன்று சுவரில் ஒட்டும் தாளை விடக் கைத்தொலைபேசியில் வரும் படங்களே அதிகம். அவற்றையும் பார்த்த உடனே நம்பி அடுத்தவருக்கு அனுப்பிவிடாமல், இதில் இல்லாதது எது என்று ஒரு நிமிடம் யோசிக்க நாம் பழகிக்கொள்வோம்.