பழ ஈயிடம் கேட்டதும் கிடைத்ததும்

கனிந்த வாழைப்பழத்தை மொய்க்கும் சின்னஞ்சிறு ஈக்கள் ட்ரோசோபிலா பேரினத்தவை. 25 டிகிரி வெப்பத்தில் முட்டையிலிருந்து முழு ஈயாக அவற்றுக்குச் சுமார் பத்து நாள் போதும். வேண்டிய பண்புள்ளவற்றை மட்டும் இனப்பெருக்கம் செய்ய விடுவதுதான் செயற்கைத் தேர்வு. மாட்டில் அதன் விளைவைப் பார்க்கப் பல ஆண்டுகள் ஆகும். இந்த ஈயில் ஓராண்டிலேயே தெரிந்துவிடும்.

1949இல் மேதர், ஹாரிசன் என்ற இங்கிலாந்து ஆய்வாளர்கள் இருவர் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். ஈயின் அடிவயிற்றில் உள்ள முள்மயிர்களை எண்ணினார்கள், சராசரி 36. மயிர் மிகுந்தவற்றையே தலைமுறைதோறும் பெற்றோராக்க, 20 தலைமுறைகளில் சராசரி 56 ஆனது. கூடவே மலட்டுத்தன்மையும் பெருகியது. தேர்வை நிறுத்தியதும் சில தலைமுறைகளில் எண்ணிக்கை 40க்கும் கீழே சரிந்தது. மயிர் குறைந்தவற்றைத் தேர்ந்த வரிசையோ 25 வரை இறங்கி, மலடாகி, அழிந்தே போனது. மயிரைக் கட்டுப்படுத்தும் மரபணுவும் கருவளத்தைக் கெடுக்கும் மரபணுவும் ஒரே குரோமோசோமில் அருகருகே இருந்தால், ஒன்றை எடுக்கும்போது மற்றதும் ஒட்டிக்கொண்டு வரும் என்று மேதர் விளக்கினார்.

நடுத்தரமானவற்றையே தேர்ந்தால் சராசரி நகராது. ஈக்களிடையே வேறுபாடுதான் பொதுவாகக் குறையும். மயிர் மிகுந்தவை, குறைந்தவை என இரு கோடிகளையும் தேர்ந்தால்? 1962இல் தோடே, கிப்சன் என்ற ஆய்வாளர்கள் அப்படிச் செய்தபோது, 12 தலைமுறைகளில் இரு பிரிவுகளும் ஒன்றோடொன்று கலப்பதை ஏறக்குறைய நிறுத்திவிட்டன. பிறர் செய்து பார்த்தபோது அந்த முடிவு பெரும்பாலும் கிடைக்கவில்லை. ஆகவே அதை உறுதியான விதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

எனக்கு மிகப் பிடித்தது மைக்கேல் ரோஸ் 1984இல் வெளியிட்ட ஆய்வு. அவர் எந்த ஈயையும் கையால் பொறுக்கவில்லை. காலத்தை மட்டும் மாற்றினார். ஒரு கூட்டத்தில் இளம் ஈக்களின் முட்டைகளிலிருந்து அடுத்த தலைமுறையை வளர்த்தார். இன்னொன்றில், வயதான பிறகும் உயிரோடிருந்து முட்டையிட்டவற்றுக்கே வாய்ப்பு. இரண்டாவது கூட்டத்தின் சந்ததி கூடுதல் நாள் வாழ்ந்தது. பட்டினியையும் வறட்சியையும் நன்றாகத் தாங்கியது. விலையும் இருந்தது: இளமையில் அவை இட்ட முட்டைகள் குறைவு.

ரோஸின் ஈக்களின் வழிவந்த சில கூட்டங்களை, விரைவாக வளர்வதற்காக 600 தலைமுறைகளுக்கு மேல் தேர்ந்தெடுத்தார்கள். 2010இல் அவற்றின் மரபணுத்தொகுதியைப் படித்தபோது, ஒரு மரபணு வடிவம் மற்றொன்றை முழுவதுமாக விரட்டிவிட்ட தடயம் கிடைக்கவில்லை. ஏராளமான இடங்களில் விகிதங்கள்தான் மாறியிருந்தன.